ஆயிரம் சதுர மீட்டரும் அதைத் தாங்கும் நிலமும்: பெக் எலுவான் பண்ணை குறித்த நிகழ்வு ஆய்வு

கால் ஏக்கருக்குச் சற்றே குறைவான நிலத்தில், எந்திரம் எதுவும் இல்லாமல், கைக்கருவிகளை மட்டும் கொண்டு காய்கறி பயிரிட்டு ஒருவர் முழுநேர வாழ்வாதாரம் பெற முடியுமா என்ற கேள்விக்கு நம்பிக்கையாலோ மறுப்பாலோ விடை சொல்வது எளிது. அளந்து விடை சொல்வது கடினம். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள பெக் எலுவான் பண்ணை அந்தக் கடினமான வழியைத் தேர்ந்துகொண்டது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2015ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, தன் தோட்டத்தின் 1,000 சதுர மீட்டரில் நடந்த வேலையையும் அறுவடையையும் விடாமல் பதிவுசெய்து ஆய்வாளர்களின் பார்வைக்கு வைத்தது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி நிலத்தையும் வாழ்வையும் வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையையே இந்தப் பண்ணை பின்பற்றியது. அந்த முறை பற்றிய எழுத்துகளில் வாக்குறுதிகள் மிகுதி, கணக்கேடுகள் குறைவு. அந்தக் குறையை ஓரளவேனும் தீர்த்த இந்தப் பண்ணையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதன் முடிவுகள் வெளியில் சுருக்கிச் சொல்லப்பட்ட விதத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ‘ஆயிரம் சதுர மீட்டர் போதும்’ என்று பரவிய செய்தியில், அந்த ஆயிரத்தைச் சுற்றியிருந்த குளமும் மரமும் இல்லை. வெளியிலிருந்து வந்த எருவும் இல்லை. பயிற்சிப் பள்ளியும், நல்ல விலை தந்து வாங்கியவர்களும் இல்லை. பெர்மாகல்ச்சர் நிலைத்த வாழ்வுக்கு வழி காட்டுமா என்று அறிய விரும்புபவர் பார்க்க வேண்டியது, இப்படி விடுபட்டுப்போன பகுதியைத்தான்.

பின்னணி

பெர்மாகல்ச்சர் என்ற வடிவமைப்பு முறையை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1970களில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கி, 1978இல் நூலாக வெளியிட்டனர். நிலத்தைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிகுந்ததைப் பகிர்தல் என்ற மூன்று அறநெறிகள் அதன் அடித்தளம். ஒரு நிலத்தில் நீர் எங்கே தங்கும், காற்று எத்திசையிலிருந்து வீசும், நாள்தோறும் கைபட வேண்டிய பயிர் எது, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நாட வேண்டிய மரம் எது என்பவற்றையெல்லாம் பொறுமையாகக் கவனித்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி அனைத்தையும் அமைப்பது அதன் வேலைமுறை. வீட்டை ஒட்டிக் கீரையும் காய்கறியும், அதற்கப்பால் பழமரமும் கோழியும், அதற்கும் அப்பால் மேய்ச்சலும் விறகும், கடைக்கோடியில் மனிதர் தலையிடாத காடும் என்று நிலத்தை வளையங்களாகப் பகுக்கும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது.

ஆக, ஒரு குடும்பம் எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எதை எரிக்கிறது, எதைக் கழிக்கிறது என்பவற்றை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் முறை இது. சாகுபடி நுட்பங்கள் அதற்குள் ஒரு பகுதி மட்டுமே. இத்தகைய முறையைப் பின்பற்றும் பண்ணையிடம் சதுர மீட்டருக்கு எவ்வளவு விளைந்தது என்று மட்டும் கேட்பது, அந்த முறை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட அளவுகோலுக்கே குறைவானது. பெக் எலுவான் குறித்து எழுந்த விவாதத்தில் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பெரும்பாலும் அந்தக் குறுகிய அளவுகோலையே கையில் வைத்திருந்தனர்.

பண்ணையும் அதன் தொடக்கமும்

பெக் எலுவான், 11ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட பெனடிக்ட் சபை மடம் ஒன்றால் அறியப்பட்ட சிற்றூர். அங்குள்ள பள்ளத்தாக்கில் சார்ல் எர்வே-க்ரூயே, பெரின் எர்வே-க்ரூயே என்ற இணையர் 2006இல் பண்ணையைத் தொழிலாகத் தொடங்கினர். இருவரும் வேளாண்மையிலிருந்து வந்தவர்கள் அல்லர். சார்ல், பாய்மரக் கப்பலில் இளையோருக்கான கல்விப் பயணங்களை நடத்தியவர். பெரின், சட்டத் துறையில் பணியாற்றியவர். தொடக்க ஆண்டுகளில் குதிரையைப் பூட்டி உழுதும் பார்த்தனர். பெர்மாகல்ச்சர் அறிமுகமான பின்னர், பரப்பைக் குறைத்து, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கூடுதல் கவனம் தருவது என்ற முடிவுக்கு வந்து, பயிரிடும் இடங்களில் கைவேலையையே முதன்மையாக்கினர். குளங்கள் வெட்டப்பட்டன, உண்ணத்தக்கவை தரும் மரங்களும் செடிகளும் அடுக்கடுக்காக வளரும் உணவுக்காடு நடப்பட்டது, பசுங்குடில் எழுப்பப்பட்டது, நிலையான மேட்டுப்பாத்திகளும் வட்டவடிவப் பாத்திகளும் அமைந்தன.

கைவேலையின் நுட்பம்

இந்தத் தோட்டத்தின் உண்மையான செல்வம் பாத்திகளில் பயிர் நிற்கும் முறையில் இருக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிராக்டர் நுழையும் நிலத்தில் சக்கரத்தின் அகலமே வரிசைகளின் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. சக்கரத்தை விலக்கிவிட்டால், இடைவெளியைச் செடியின் தேவை மட்டும் தீர்மானிக்கலாம். ஏறத்தாழ ஒரு கையெட்டும் அகலமுள்ள பாத்தியில், பல வரிசைகளை ஒரே தள்ளலில் விதைக்கும் சிறு கருவியைக் கொண்டு முள்ளங்கியையும் கேரட்டையும் அருகருகே விதைத்து, அதே பாத்தியில் லெட்யூஸ் என்ற இலைக் காய்கறியின் நாற்றுகளையும் நடுகிறார்கள். முள்ளங்கி சில வாரங்களில் பறிக்கப்பட்டு இடம் விடுகிறது. அதையடுத்து லெட்யூஸ் வெளியேறுகிறது. அதுவரை நிழலில் மெல்ல வளர்ந்த கேரட் அதன் பின் முழுப் பாத்தியையும் எடுத்துக்கொள்கிறது. ஒரே முறை தயாரித்த மண்ணில் மூன்று அறுவடை கிடைக்கிறது. மண் வெயிலுக்கு வெறுமையாகக் கிடக்கும் நாள்களும் களை முளைக்கும் இடமும் ஒருசேரக் குறைகின்றன.

மண்ணைப் புரட்டுவதில்லை. பிரான்சில் 1960களில் உருவான, இரு கைப்பிடிகளும் நீண்ட பற்களும் கொண்ட ஒரு கருவியைக் காலால் அழுத்தி, பின்னோக்கிச் சாய்த்து, அடுக்குகள் தலைகீழாகாமல் மண்ணை நெகிழ்த்துகிறார்கள். மேலே மக்கிய உரமும் மூடாக்கும் போடப்படுகின்றன. பசுங்குடிலுக்குள் குளிர்காலத்தின் முடிவில், புதிய குதிரை இலத்தியையும் வைக்கோலையும் கனமாக அடுக்கி, அது நொதிக்கும்போது எழும் வெப்பத்தின் மேல் நாற்றுகளை வளர்க்கிறார்கள். வெளியே உறைபனி நிற்கும் காலத்திலேயே அடுத்த பருவத்தின் நாற்று தயாராகிவிடுகிறது; பருவம் முடிந்தபின் அந்த வெப்பப்படுக்கையே மக்கி உரமாகப் பாத்திக்குப் போகிறது.

இவற்றில் பெரும்பகுதி புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பதைப் பண்ணையினரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் உள்ளும் புறமும் காய்கறி பயிரிட்டவர்கள் செடிகளின் மேல் கவிழ்க்கும் மணிவடிவக் கண்ணாடி மூடிகள், கண்ணாடிச் சட்டங்கள், வைக்கோல் பாய்கள், இலத்திப் படுக்கைகள் ஆகியவற்றைக் கொண்டு சிறு நிலங்களில் ஆண்டு முழுவதும் அறுவடை செய்தார்கள். அவர்களுடைய முறைகள் 1845இல் கையேடாகவே பதிப்பிக்கப்பட்டன. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் குளிர்காலக் காய்கறிச் சாகுபடியை வளர்த்தெடுத்த எலியட் கோல்மன் அந்த மரபிலிருந்தே பாடம் பெற்றார். பெக் எலுவான் இணையர் கோல்மனிடமிருந்தும் பாரிஸ் மரபிலிருந்தும் கற்றனர்.

பாரிஸ் தோட்டங்களின் முடிவிலும் நமக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அந்த நகரத்தில் வண்டி இழுத்த ஆயிரக்கணக்கான குதிரைகளின் இலத்திதான் அந்தப் பாத்திகளைச் சூடேற்றியது, உரமூட்டியது. மோட்டார் வாகனம் வந்து குதிரைகள் வெளியேறியபோது அந்தத் தோட்டக்கலையின் வெப்பமும் உரமும் சேர்ந்தே வெளியேறின. நகரம் விரிந்ததும் நிலவிலை ஏறியதும் மற்ற காரணங்கள். தலைமுறைகளாகத் திரண்ட திறன் அப்படியே இருந்தது. அதைத் தாங்கிய வரத்து நின்றுபோனதால் தொழிலும் நின்றது.

அளவீடும் அதன் முடிவுகளும்

பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் அக்ரோபாரிடெக் உயர்கல்வி நிறுவனமும் இந்த ஆய்வில் இணைந்தன. அறிவியல் பொறுப்பை பிரான்சுவா லெஜே ஏற்றார். பண்ணையில் தரவுகளைத் திரட்டித் தொகுத்ததில் சஷா கேகனின் பங்கு முதன்மையானது. பண்ணையில் பயிரிடப்பட்ட பகுதிகளிலிருந்து, பசுங்குடில் பாத்திகளும் அடங்க, மொத்தம் 1,000 சதுர மீட்டர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் பரப்பில் யார், எந்தப் பாத்தியில், எந்த வேலையை, எவ்வளவு நேரம் செய்தார் என்பதும், எந்த நாளில் எது எவ்வளவு அறுவடையானது, அது என்ன விலை பெறும் என்பதும் குறிக்கப்பட்டன. பதிவேடு நிரப்புவதே ஒரு தனி உழைப்பு. மண் ஒட்டிய கைகளோடு ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறித்தவர்களின் பொறுமை இல்லையென்றால் இந்த விவாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

முதல் முழு ஆண்டில் அந்தப் பரப்பின் அறுவடை மதிப்பு 30,000 யூரோவைச் சற்றே தாண்டியது. ஆய்வின் கடைசி ஓராண்டில் அது 50,000 யூரோவுக்கு மேல் சென்றது. முதலீடு, செலவு, வேலைநேரம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு அனுமானங்களை வைத்துக் கணக்கிட்டபோது, வாரம் சராசரியாக 43 மணிநேரம் உழைக்கும் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 900 முதல் 1,600 யூரோ வரை நிகர வருமானம் கிடைக்கலாம் என்று அறிக்கை முடிவு செய்தது. அந்நாளில் பிரான்சின் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் நிகரமாக 1,100 யூரோவைச் சற்றே தாண்டியது என்பதோடு ஒப்பிட்டால், கீழ்நிலை அதற்குக் குறைவாகவும் மேல்நிலை அதைவிட நன்றாகவும் இருக்கிறது. சிறு இயற்கைக் காய்கறிப் பண்ணைகள் பலவற்றில் இதைவிட நீண்ட வேலைவாரத்துக்குக் குறைந்த வருமானமே மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்து நோக்கும்போது, இந்த முடிவு குறிப்பிடத்தக்கது.

இந்த எண்களை வாசிக்கும்போது மூன்று செய்திகளை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, 1,000 சதுர மீட்டர் என்பது பயிர் நின்ற பரப்பு மட்டுமே. கொட்டகை, பாதை, குளம், உரக்குவியல், மரங்கள் ஆகியவை அதற்கு வெளியே உள்ளன. இரண்டாவது, அந்தப் பரப்பில் பலர் வேலை செய்தார்கள். அவர்களுடைய மணிகளைக் கூட்டி ஒருவரின் உழைப்பாக மாற்றிச் சொல்லப்படுகிறது. பயிற்சி பெறுபவர் ஒரு வேலைக்குக் கூடுதல் நேரம் எடுப்பார் என்பதால் இது கணக்கைச் சற்றுப் பாதகமாகவும் காட்டக்கூடும். விதைப்பு நாளில் நான்கு பேர் கூடி முடித்த வேலையைத் தனியொருவர் அதே நாளில் முடிக்க இயலாது என்பதால் சாதகமாகவும் காட்டக்கூடும். மூன்றாவது, தோட்டத்தில் கழிந்த நேரம் நேராக அளக்கப்பட்டது. விற்பனை, கணக்கெழுதுதல், கருவிப் பராமரிப்பு போன்றவற்றின் நேரம் மதிப்பீடாகச் சேர்க்கப்பட்டது. தனியாகப் பண்ணை நடத்திய எவருக்கும் தெரியும், வாரத்தை விழுங்குவது பெரும்பாலும் இந்தப் பிந்தைய வேலைகள்தான்.

எருவின் கணக்கு

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் எருவில் இருக்கிறது. தோட்டத்துக்கான குதிரை எரு அருகில் இருந்த குதிரையேற்ற மையத்திலிருந்து வந்தது. வீணாகப் போகக்கூடிய ஒரு பொருளைப் பக்கத்திலிருந்து எடுத்து மண்ணுக்குத் தருவது பெர்மாகல்ச்சர் நெறிக்கு முழுதும் இசைந்த செயல். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எரு எங்கோ விளைந்த புல்லும் தானியமும் வைக்கோலும்தான் என்பதைக் கணக்கில் எழுத வேண்டும்.

ஒரு நடுத்தரக் குதிரை நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு உலர்தீவனம் உண்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது நாளுக்கு 10 கிலோ, ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்கு மேல். நல்ல புல்வெளி ஓர் எக்டேருக்கு 5 முதல் 8 டன் உலர்தீவனம் தரும் என்று கொண்டால், ஒரு குதிரைக்குப் பின்னால் ஏறக்குறைய அரை எக்டேர், அதாவது 5,000 சதுர மீட்டர் நிலம் நிற்கிறது. ஒரே ஒரு குதிரையின் ஓராண்டு எருவை மட்டும் பயன்படுத்தும் தோட்டமும், தன்னைப் போல் ஐந்து மடங்கு நிலத்தின் புல்லை மறைமுகமாக எடுத்துக்கொள்கிறது. லாயத்தில் இடப்படும் வைக்கோலுக்கான தானிய வயல் இதில் சேரவில்லை.

இதை ஒரு குற்றச்சாட்டாக நான் முன்வைக்கவில்லை. உழவு தொடங்கிய காலம் முதல் மேய்ச்சல் நிலத்தின் வளத்தைக் கால்நடைகள் வழியாக விளைநிலத்துக்குக் கொண்டுவருவதே வேளாண்மையின் இயல்பாக இருந்துவந்திருக்கிறது. ஒரு பண்ணை இதைச் செய்யும்போது எல்லோருக்கும் நன்மை. ஒரு வட்டாரத்தில் நூறு பண்ணைகள் இதையே செய்யத் தொடங்கினால், இலவசமாகக் கிடைத்த எரு விலைபெறும், பின் கிடைக்காமலே போகும். ‘ஆயிரம் சதுர மீட்டர் போதும்’ என்ற வாசகம் நூறு மடங்காகப் பெருகும் ஆற்றலை இங்கேதான் இழக்கிறது.

மண்ணைப் பற்றிய தனி ஆய்வும் இந்தப் பக்கமே விரல் நீட்டுகிறது. பெல்ஜியத்தின் லியேழ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃபெலிக்ஸ் தெ தோம்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரையில், பண்ணையின் பெர்மாகல்ச்சர் பாத்திகளைப் புல்வெளி மண்ணோடு ஒப்பிட்டனர். செடிகளுக்கு எட்டும் நிலையில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவை பாத்திகளில் கூடியிருந்தன. மண்கட்டிகளின் பருமனான பகுதிகளில் கரிமம் சேர்ந்திருந்தது. இந்த முன்னேற்றத்துக்கு வெளியிலிருந்து பெருமளவில் இடப்பட்ட மக்கும் பொருள்கள் காரணமாக அமைந்தன. மண் வளம்பெற்றது உண்மை. எங்கோ ஓரிடத்திலிருந்து எடுத்த கரிமத்தை இங்கே குவித்ததால் இந்த இடம் வளம்பெற்றது என்பதும் அதே உண்மையின் மறுபாதி.

பாஸ்பரஸ் உயர்வில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பயிருக்குத் தேவையான நைட்ரஜன் முழுவதையும் எருவின் வழியே கொடுக்க முயன்றால், பயிர் எடுத்துக்கொள்வதைவிட மிகுதியான பாஸ்பரஸ் ஆண்டுதோறும் மண்ணில் தங்கும். நீரோடும் பள்ளத்தாக்கில் அது ஒருநாள் குளத்தையோ ஆற்றையோ சென்றடையும். அவரை, பட்டாணி, தீவனக் குளோவர் போன்ற பயிர்களைச் சுழற்சியில் சேர்த்து நைட்ரஜனைக் காற்றிலிருந்து பெறுவது இதற்கு ஒரு மாற்று. ஆனால் அந்தப் பயிர்களும் இடம் கேட்கும், இடமோ ஆயிரம் சதுர மீட்டருக்குள் கிடையாது. வெளியிலிருந்து எரு வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. புல்வெளியில் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கப்படும் அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லிகள் வைக்கோலிலும் எருவிலும் சிதையாமல் தங்கி, தக்காளி, அவரை ஆகியவற்றின் இலைகளைச் சுருட்டிவிடும். ரசாயனமே தொடாத தோட்டத்துக்குள் அவை இப்படி நுழைய முடியும்.

கூடைகளில் வெளியேறும் சத்து இந்தக் கணக்கின் மறுமுனை. காய்கறியோடு பாஸ்பரஸும் பொட்டாசியமும் நகரத்துக்குப் போய், உண்டவர்களின் கழிவாகச் சாக்கடையில் சேர்கின்றன. அவை பாத்திக்குத் திரும்பும் வழி பண்ணையின் கையில் இல்லை. கழிவே இல்லாத அமைப்பு என்ற பெர்மாகல்ச்சர் இலக்கு ஒரு பண்ணையின் வேலிக்குள் நிறைவேறக்கூடியது என்று நான் நம்பவில்லை. அதற்கு ஊரின் கழிப்பறையும் கழிவுநீர் அமைப்பும் வடிவமைப்பில் பங்குபெற வேண்டும்.

பாத்திக்கு வெளியே இருந்தவை

குளங்களும் மரங்களும் அறுவடைப் பதிவேட்டில் நேரடியாக இடம்பெறவில்லை. ஆனால் குளம் பகலின் வெப்பத்தைத் தாங்கி இரவில் மெல்ல விடுகிறது, தவளைகளுக்கும் பூச்சியுண்ணும் பிற உயிர்களுக்கும் இருப்பிடமாகிறது. மரவேலி காற்றைத் தணிக்கிறது, பறவைகளைக் கூட்டிவருகிறது. இவற்றின் பயனைப் பாத்தியின் விளைச்சலிலிருந்து பிரித்தெடுத்து யூரோவில் எழுதுவதற்கு வழியில்லை. தோட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மரமும் நீரும் அற்ற ஒரு வெட்டவெளியில் அதே கணக்கை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

பண்ணையின் வருவாயிலும் இதே நிலைதான். பெக் எலுவான் பயிற்சி வகுப்புகளை நடத்தியது. அதன் நிறுவனர்கள் நூல்கள் எழுதினர். விளைபொருள்களில் ஒரு பகுதி, தரத்துக்கு நல்ல விலை தரும் உணவகங்களுக்குச் சென்றது. மற்றொரு பகுதி வாராந்தரக் காய்கறிக் கூடைகளாக விற்றது. புகழ் சேரச் சேர வாங்குபவரைத் தேடும் சுமை குறைந்திருக்கும் என்று கருத இடமுண்டு. பயிற்சி வருவாய் 1,000 சதுர மீட்டர் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது சரியே. எனினும் அந்த வருவாய் தந்த பாதுகாப்பு, ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்த பருவத்தில் துணிந்து புதியதைச் சோதிக்க இடம் கொடுத்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாத ஒருவர், அதே பாத்தியில் அதே துணிச்சலோடு வேலை செய்ய மாட்டார்.

ஆய்வின் அறிவியல் தரம் குறித்து, ஒரே பண்ணை, ஒரே தட்பவெப்பம், ஒப்பிடுவதற்கு அருகில் வேறு தோட்டம் இல்லை என்ற விமர்சனம் பிரான்சிலேயே எழுந்தது. அது நியாயமானது; ஆய்வாளர்களும் இதைப் பொதுவிதியாக முன்வைக்கவில்லை. பின்னர் கெவின் மொரெல் தன் முனைவர் ஆய்வில் பல சிறுபண்ணைகளை நேரில் கண்டு, கணினி மாதிரியின் வழியாக அவை பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார். ஒரு சிறுபண்ணை நிலைப்பதும் நிலைக்காததும் தொடக்கக் கடனின் அளவு, சாகுபடி முறை, விற்கும் வழி, ஏற்கும் வேலைச்சுமை ஆகியவற்றின் சேர்க்கையைப் பொறுத்தது என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது. அதிகம் இயந்திரம் வாங்காத கைவேலைப் பண்ணைகள் அந்தக் கணக்கில் பின்தங்கவில்லை என்பது பெக் எலுவானின் அடிப்படை உள்ளுணர்வுக்கு வலுச் சேர்க்கிறது.

உயிரினப் பன்மையைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் உறுதியானவை. ஜெர்மனியிலும் லக்சம்பர்க்கிலும் ஒன்பது பெர்மாகல்ச்சர் நிலங்களை அவ்வட்டாரத்தின் வழக்கமான வேளாண் நிலங்களோடு ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், மண்ணின் கரிம இருப்பு சராசரியாக 27 விழுக்காடு கூடுதலாகவும், மண்புழுக்களின் எண்ணிக்கை மும்மடங்காகவும், தாவர, பறவை இனங்களின் எண்ணிக்கை பல மடங்காகவும் இருந்தன. கரிமத்தைப் பொறுத்தவரை வெளியிலிருந்து வரும் எருவின் பங்கு பற்றிய கேள்வி இங்கும் பொருந்தும். பறவைகளும் செடியினங்களும் எருவண்டியில் வந்து இறங்குவதில்லை. அவை நிலத்தின் அமைப்புக்குக் கிடைத்த பலன்.

உணவு என்ற அளவில்

நிலைத்த வாழ்வைப் பற்றிப் பேசும்போது, தோட்டத்தின் வருமானத்தைப் பார்த்த கண்ணால் அதன் உணவு ஆற்றலையும் பார்க்க வேண்டும். இலைக் காய்கறிகளும் தக்காளியும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிலோகலோரி தருகின்றன. தானியங்கள் 350 கிலோகலோரி அளவுக்குத் தருகின்றன. விட்டமின்களும் தாதுக்களும் சுவையும் தோட்டத்திலிருந்து கிடைக்கும். வயிறு நிறைக்கும் மாவுச்சத்தும் பெரும்பகுதிப் புரதமும் வேறெங்கோ விளைய வேண்டும். சந்தையில் எடைக்கு மிகுதியான விலை பெறுவது இளங்கீரையும் சிறு கேரட்டும் என்பதால், 1,000 சதுர மீட்டரில் உயர் வருமானம் தேடும் எவரும் இயல்பாகவே கலோரி குறைந்த பயிர்களின் பக்கம் சாய்வார். இது உழவரின் தவறு ஆகாது. விலைகள் அப்படி அமைந்துள்ளன. உணவுக்காட்டின் கொட்டை மரங்கள் காலப்போக்கில் இந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பலாம். ஒரு குடும்பம் இந்த முறையைத் தன் உணவுக்காகப் பின்பற்றும்போது, உருளைக்கிழங்கு, பூசணி, உலர் அவரை, சோளம் ஆகியவற்றுக்கு இடம் கூட்ட வேண்டியிருக்கும். அந்தத் தோட்டம் பெக் எலுவானின் படங்களைப் போல் இருக்காது, அதற்கு ஆயிரம் சதுர மீட்டர் போதவும் செய்யாது.

மறுபுறம், எரிபொருள் கணக்கில் இந்தத் தோட்டம் அரிதான ஒன்றைச் செய்து காட்டியது. உழவுக்கு டீசல் இல்லை, ரசாயன உரம் இல்லை, பூச்சிக்கொல்லி இல்லை. இவற்றை விட்டுவிட்டும் ஒருவர் மதிப்புடன் வாழும் அளவுக்கு நிலம் பதில் தந்தது. சிறு பரப்பில் மனிதக் கவனத்தைக் குவித்தால் விளைச்சல் எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு இது நம் காலத்தின் மிக நேர்த்தியான சான்றுகளில் ஒன்று. பெர்மாகல்ச்சரை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இந்த ஏட்டுக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஏட்டில் வராத ஆண்டுகள்

அளவீடு தொடங்கியபோது பண்ணைக்கு ஏற்கெனவே ஐந்து வயது. பாத்திகள் உயர்ந்திருந்தன, குளங்கள் நிறைந்திருந்தன, மண்ணில் மக்கு சேர்ந்திருந்தது, விதைப்பவரின் கை பழகியிருந்தது. ஆய்வின் முதல் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் இடையே அறுவடை மதிப்பு அவ்வளவு ஏறியதே, கற்றல் இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. புதிதாக நிலம் வாங்கி, கடன் எடுத்து, பசுங்குடில் கட்டித் தொடங்குபவர் அந்த ஏற்றத்தின் மேல்முனையைத் தன் முதல் ஆண்டு எதிர்பார்ப்பாக வைத்தால், மூன்றாம் ஆண்டில் உடலும் கையிருப்பும் ஒருசேரத் தீர்ந்துபோகும். இந்தப் பண்ணையின் செய்தியால் ஈர்க்கப்பட்டு நிலத்துக்கு வருபவர்களுக்கு வருமானக் கணக்கைக் காட்டுபவர்கள், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளை மறைக்காமல் சொல்வது கடமை என்று கருதுகிறேன்.

அடுத்து இத்தகைய அளவீட்டை மேற்கொள்ளும் பண்ணை, முதல் பாத்தி வெட்டும் நாளிலேயே ஏட்டைத் திறக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த எரு, வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றின் எடையையும் அவை விளைந்த நிலத்தின் மதிப்பீட்டையும், ஊதியமின்றி உழைத்தவர்களின் மணிகளையும், வேறு தொழிலிலிருந்து குடும்பத்துக்கு வந்த பணத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மண்ணின் பாஸ்பரஸ் அளவைச் சோதித்து அதே ஏட்டில் சேர்க்க வேண்டும். தொடக்கப் பக்கங்களில் பெரும்பாலும் நட்டமே தெரியும். அந்தப் பக்கங்களும் சேர்ந்தே வெளியிடப்பட வேண்டும்.